'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்' தவறான ஆங்கிலமா? ஒரு தொடரை நாமே சரிபார்ப்பது எப்படி?

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில், பையர்களின் ஆர்டர்களைக் கவனித்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசராக இருக்கிறீர்கள். இங்கிலாந்தில் உள்ள பையருக்கு, 'ப்ளீஸ் ஃபைண்ட் அட்டாச்ட் ஹியர்வித் தி ரிவைஸ்டு சைஸ் சார்ட். கைண்ட்லி டூ தி நீட்ஃபுல் அண்ட் ரிவர்ட் பேக் அட் தி எர்லியஸ்ட்' என்று மெயில் அனுப்பியிருக்கிறீர்கள். 'நான் சரியாக என்ன செய்ய வேண்டும்?' என்று அங்கிருந்து ஒற்றை வரியில் பதில் வந்திருக்கிறது. புதிதாகச் சேர்ந்த சக ஊழியர் 'ரிவர்ட் பேக்' என்பதே தப்பு என்கிறார். உங்கள் மேலாளரோ காலங்காலமாக இப்படித்தான் எழுதுகிறோம், ஆர்டர் வந்துகொண்டுதானே இருக்கிறது என்கிறார். இருவரில் யார் சொல்வது சரி, இதையெல்லாம் யாரையும் கேட்காமல் நானே சரிபார்க்க வழி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் ஒரு கேள்வியாகக் கேட்டாலும் அதற்குள் மூன்று இருக்கின்றன. இந்தத் தொடர் ஆங்கில இலக்கணத்துக்கு உட்பட்டதா என்பது ஒன்று. நான் நினைத்த பொருளைத்தான் இது தருகிறதா என்பது இன்னொன்று. படிக்கப்போகிறவர் காதில் இது எப்படி விழும் என்பது மூன்றாவது. 'சரியா தப்பா' என்று கேட்கும்போது பெரும்பாலோர் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். உங்கள் மெயிலில் இலக்கணப் பிழை என்று சொல்ல அநேகமாக எதுவுமே இல்லை. சிக்கல் முழுவதும் மற்ற இரண்டு கேள்விகளில்தான். அதனால்தான் சக ஊழியரும் மேலாளரும் ஆளுக்குப் பாதி சரியாகச் சொல்கிறார்கள்.

நான் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவன். பிறகு பல ஆண்டுகளாக ஏற்றுமதி நிறுவனங்களில் வணிகக் கடிதப் பயிற்சி கொடுத்து வருகிறேன். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் எப்படி எழுதுகிறார்கள் என்பதை ஆதாரத்தோடு சொல்ல முடியும். ஜெர்மனி, ஸ்பெயின், ஜப்பான் போன்ற நாடுகளின் பையர்கள் விஷயத்தில் அதே உறுதியோடு பேச மாட்டேன். அவர்களுக்கும் ஆங்கிலம் கற்ற மொழிதான். பாடப்புத்தகத்தில் படித்ததைத் தாண்டிய தொடர் எதுவாக இருந்தாலும் அது அவர்களில் ஒருவருக்குப் புரியும், இன்னொருவருக்குப் புரியாது.

முதலில் 'டூ தி நீட்ஃபுல்'. இது இந்தியர்கள் உண்டாக்கிய பிழை என்று பலர் அடித்துச் சொல்வதுண்டு. அது உண்மையல்ல. பெயரடைக்கு முன்னால் 'தி' சேர்த்துப் பெயர்ச்சொல்லாக்குவது ஆங்கிலத்தில் இயல்பான வழக்கம். 'தி ரிச்', 'தி புவர்', 'டூ தி இம்பாஸிபிள்' எல்லாம் அப்படி வந்தவைதான். 'தி நீட்ஃபுல்' என்றால் தேவையானது. 18, 19ஆம் நூற்றாண்டுகளின் பிரிட்டிஷ் கடிதங்களில் இது சாதாரணமாகப் புழங்கியது. பேச்சுவழக்கில் 'தி நீட்ஃபுல்' என்பது கைச்செலவுக்கான பணத்தைக்கூடக் குறித்தது. வணிகக் கடிதங்கள், அரசு அலுவலகக் கோப்புகள் வழியாக இந்தியாவுக்கு வந்து இங்கே நிலைத்துவிட்டது. 20ஆம் நூற்றாண்டு போகப்போக இங்கிலாந்தில் அது வழக்கொழிந்தது. இன்று அங்கே யாராவது சொன்னால் பழங்காலத்து வாடையை வேண்டுமென்றே கொண்டுவருகிறார் என்று பொருள். அல்லது அவர் தெற்காசியாவோடோ மேற்கு ஆப்பிரிக்காவோடோ தொடர்புடையவராக இருப்பார். நைஜீரியாவிலும் இத்தொடர் நம்மூரைப் போலவே உயிரோடு இருக்கிறது.

தமிழில் மனு எழுதும்போது 'ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று முடிக்கிறோம் அல்லவா? 'டூ தி நீட்ஃபுல்' அச்சு அசலாக அதுதான். தாசில்தாருக்கு எழுதும் மனுவில் 'ஆவன' எது என்று விளக்க வேண்டியதில்லை. பட்டா மாறுதலுக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்பது கேட்பவரைவிட அந்த அலுவலகத்துக்கு நன்றாகத் தெரியும். செய்ய வேண்டியதைத் தீர்மானிக்கும் பொறுப்பை மேலிடத்திடம் மரியாதையாக ஒப்படைக்கும் தொடர் அது. உங்கள் பையரிடம் அந்தப் பொறுப்பு இல்லை. மாற்றிய சைஸ் சார்ட்டைப் பார்த்துவிட்டு அவர் அப்ரூவல் தர வேண்டுமா, மார்பளவை மட்டும் சரிபார்க்க வேண்டுமா, புது சாம்பிள் கேட்க வேண்டுமா என்பது உங்களுக்குத்தான் தெரியும். அதைத்தான் அவர் கேட்டிருக்கிறார். அவர் உங்கள் ஆங்கிலத்தைக் குறை சொன்னதாக எனக்குப் படவில்லை. மெயிலில் இல்லாத தகவலைக் கேட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

அடுத்தது 'ரிவர்ட் பேக்'. உங்கள் சக ஊழியர் சொல்லும் காரணம் எனக்குத் தெரியும். 'ரிவர்ட்' என்பதற்குள்ளேயே 'திரும்ப' என்ற பொருள் இருக்கிறது, அதனால் 'பேக்' மிகை என்பார். வங்கித் தேர்வு வழிகாட்டிகள் எல்லாவற்றிலும் இந்த விளக்கம் இருக்கும். விளக்கம் தவறல்ல, ஆனால் அது சின்ன விஷயம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே 'ரிவர்ட் பேக் டு' என்று எழுதுகிறார்கள். அச்சில் வந்த புத்தகங்களிலும் அது இருக்கிறது. கறாரான எடிட்டர் 'பேக்'கை அடிப்பார், மற்றவர் விட்டுவிடுவார். பெரிய சிக்கல் 'ரிவர்ட்' என்ற சொல்லிலேயே இருக்கிறது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அதன் பொருள் பழைய நிலைக்குத் திரும்புதல். பழைய பழக்கத்துக்குத் திரும்பினார், குத்தகை முடிந்ததும் நிலம் உரிமையாளரிடமே திரும்பியது, மென்பொருளைப் பழைய பதிப்புக்கு மாற்றினோம் என்ற இடங்களில்தான் அது வரும். 'பதில் எழுது' என்ற பொருள் இந்தியாவிலும் சிங்கப்பூர், மலேசியா போன்ற இடங்களிலும்தான் பரவலாக உண்டு. ஆங்கிலம் கற்பவர்களுக்கான ஆக்ஸ்போர்டின் மாணவர் அகராதி இந்தப் பொருளை 'இந்திய ஆங்கிலம்' என்ற குறிப்போடு தருகிறது. அகராதியில் இருப்பதால் இந்தியாவுக்குள் இதைப் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்தக் குறிப்பே, வெளியில் இது புரியாமல் போகலாம் என்ற எச்சரிக்கையும்தான். உங்கள் மெயிலைப் பொறுத்தவரை இதில் கூடுதல் ஆபத்து ஒன்று உண்டு. மாற்றிய அளவுப் பட்டியலை அனுப்பிவிட்டு 'ரிவர்ட்' என்று எழுதினால், பழைய அளவுக்கே திரும்புவதைப் பற்றி ஏதோ சொல்கிறார்கள் என்று ஒரு கணம் அவர் குழம்ப வாய்ப்பிருக்கிறது.

உங்கள் மெயிலிலேயே நான் அதிகம் கவலைப்படுவது, நீங்களும் சக ஊழியரும் கவனிக்காமல் விட்ட 'அட் தி எர்லியஸ்ட்' என்ற தொடரைப் பற்றித்தான். சீக்கிரமாக என்ற பொருளில் நாம் அதை எழுதுகிறோம். பிரிட்டிஷ், அமெரிக்க வழக்கில் அது ஒரு நாளையோ நேரத்தையோ ஒட்டி வரும், 'அதற்கு முன்னால் இல்லை' என்று பொருள் தரும். 'ஆன் மண்டே அட் தி எர்லியஸ்ட்' என்றால் எவ்வளவு சீக்கிரம் ஆனாலும் திங்கட்கிழமைதான், அதற்கு முன்னால் எதிர்பார்க்க வேண்டாம் என்று அர்த்தம். உங்கள் மெயிலில் நாள் எதுவும் இல்லாததால் படிப்பவர் ஒருவாறு ஊகித்துக்கொள்வார். நாளும் சேர்ந்துவிட்டால் பொருள் தலைகீழாகிவிடும். 'சென்ட் தி அப்ரூவல் பை ஃப்ரைடே அட் தி எர்லியஸ்ட்' என்று எழுதிய கடிதங்களைத் திருத்தியிருக்கிறேன். எழுதியவர் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்று நினைத்திருப்பார். படிப்பவருக்கு வெள்ளிக்கு முன்னால் அனுப்ப வேண்டியதில்லை என்று தோன்றும். அங்கே வர வேண்டியது 'அட் தி லேட்டஸ்ட்'. லேப் டிப் எனப்படும் சாய நிற மாதிரிக்கான அப்ரூவல் இரண்டு நாள் தள்ளிப்போனால் சாயப்பட்டறையில் முறை போய்விடும், ஷிப்மெண்ட் தேதி நகரும், சில சமயம் கப்பலில் போக வேண்டியது விமானத்தில் போகும். ஒரு தொடருக்கு இவ்வளவு விலை கொடுக்க வேண்டாம்.

'கைண்ட்லி' பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் நல்லெண்ணம் வழியில் எதிர்ப்பொருளாக மாறும் இடம் அது. நமக்கு 'ப்ளீஸ்' என்பதைவிட 'கைண்ட்லி' ஒரு படி பணிவானது. 'தயவுசெய்து' என்பதன் நேர் வடிவமாகவே அதை மனத்தில் வைத்திருக்கிறோம். இங்கிலாந்தில் ஒருவர் இன்னொருவரிடம் 'கைண்ட்லி' என்று தொடங்கினால் பெரும்பாலும் பொறுமை இழந்துவிட்டார் என்று பொருள். என்னைக் கொஞ்சம் தனியாக விடுகிறீர்களா, என் கால்மேலிருந்து உங்கள் காலை எடுக்கிறீர்களா என்று முகம் சுளித்துச் சொல்லும்போது வரும் சொல் அது. மாணவர் அகராதிகள் எரிச்சலைக் காட்டும் இந்தத் தொனியைக் குறிப்பிடுகின்றன. தாய்மொழியினர் எல்லோரும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள் என்று சொல்ல மாட்டேன். இந்தியர்களோடு நீண்ட நாள் வியாபாரம் செய்தவர்களுக்கு நம் 'கைண்ட்லி' பழகியிருக்கும். புதிய பையருக்கு 'குட் யூ ப்ளீஸ்' போதும். 'ஹியர்வித்' சட்ட ஆவணங்களின் சொல், மெயிலில் அதை விட்டுவிடலாம். 'ப்ளீஸ் ஃபைண்ட் அட்டாச்ட்' கொஞ்சம் விறைப்பாக இருந்தாலும் இன்றும் இங்கிலாந்து அலுவலகங்களில் எழுதப்படுவதுதான், பிழையில்லை.

இனி நீங்களே சரிபார்க்கும் முறைக்கு வருகிறேன். முழு வாக்கியத்தை அப்படியே கூகுளில் போட்டால் எதுவும் கிடைக்காது. சந்தேகத்துக்குரிய துண்டை இரண்டு, மூன்று சொற்களாகப் பிரித்தெடுங்கள். உங்கள் மெயிலில் அப்படி ஆறு துண்டுகள் இருந்தன. ஒவ்வொன்றின் நிலையும் வேறு என்பதை மேலே பார்த்தோம்.

துண்டு கையில் வந்ததும் முதலில் போக வேண்டியது ஆங்கிலம் கற்பவர்களுக்கான அகராதிக்கு. ஆங்கிலத் தமிழ் அகராதிகளைக் குறைத்துச் சொல்லவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்துக்காக அ. சிதம்பரநாதன் செட்டியார் தலைமையில் 1960களில் வந்த அகராதி இன்றும் பொருள் தேட எனக்கு உதவுகிறது. ஆனால் ஒரு வினை எந்த முன்னிடைச்சொல்லோடு சேரும், நேராகச் செயப்படுபொருளை ஏற்குமா, கடிதத்தில் வருமா பேச்சில் வருமா என்பதைச் சொல்வது இருமொழி அகராதியின் வேலையல்ல. அதற்கென்றே பிறந்தவை மாணவர் அகராதிகள். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த ஏ. எஸ். ஹார்ன்பி, தாய்மொழியினருக்குத் தெரிந்தும் கற்பவர்களுக்குத் தெரியாமலும் இருப்பது சொற்பொருளைவிடச் சொற்சேர்க்கைதான் என்று கண்டு தயாரித்த அகராதி 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது. ஆக்ஸ்போர்டு அதை 1948இல் வெளியிட்டது. இன்று ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மன் மூன்றின் மாணவர் அகராதிகளும் இணையத்தில் இலவசம். அவற்றில் பொருளை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். பொருளுக்கு முன்னால் இருக்கும் சின்னக் குறிப்புகள்தான் உங்களுக்கு வேண்டியவை. 'ஃபார்மல்', 'இன்ஃபார்மல்', 'ஓல்ட் ஃபேஷண்ட்', 'இந்தியன் இங்கிலீஷ்' என்று அங்கே இருக்கும். உதாரண வாக்கியங்கள் எல்லாவற்றையும் படியுங்கள். உங்கள் துண்டின் அமைப்பு ஓர் உதாரணத்தில்கூட வரவில்லை என்றால் சந்தேகம் வலுக்கிறது என்று பொருள்.

சந்தேகம் வலுத்தால் அடுத்த படி, சொல்திரட்டு என்று நாங்கள் சொல்லும் கார்ப்பஸ். பத்திரிகை, நாவல், ஆய்வுக்கட்டுரை, உரையாடல் என்று பல வகை எழுத்துகளைத் திட்டமிட்டுச் சேர்த்து, தேடிப்பார்க்கும்படி அமைத்த பெரிய சேமிப்பு அது. பிரிட்டிஷ் தேசியத் திரட்டில் சுமார் 10 கோடிச் சொற்கள் உண்டு, எல்லாம் 20ஆம் நூற்றாண்டின் பின்பகுதியைச் சேர்ந்தவை. சமகால அமெரிக்க ஆங்கிலத் திரட்டு 1990 முதல் 2019 வரையிலான 100 கோடிச் சொற்களைக் கொண்டது. உங்கள் கேள்விக்கு மிகப் பொருத்தமானது 'குளோப்' (GloWbE) என்று சுருக்கமாக அழைக்கப்படும் மூன்றாவது திரட்டு. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், நைஜீரியா உட்பட 20 நாடுகளின் இணையப் பக்கங்களிலிருந்து எடுத்த 190 கோடிச் சொற்கள் அதில் இருக்கின்றன. ஒரு தொடரைத் தட்டினால் நாடுவாரியாக எவ்வளவு வருகிறது என்று பக்கத்தில் பக்கத்தில் காட்டும். 'டூ தி நீட்ஃபுல்' என்று போட்டுப் பாருங்கள், நான் மேலே சொன்ன புவியியல் கண்ணுக்கு நேராகத் தெரியும். கணக்கு தொடங்கிக்கொண்டால் ஒரு நாளைக்குக் குறிப்பிட்ட அளவு தேடல் இலவசம். கணக்கு வேண்டாம் என்றால் 'ஸ்கெல்' (SkELL) என்ற தளம் உதாரண வாக்கியங்களை மட்டும் உடனே தரும்.

திரட்டு காட்டும் எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். 'டிஸ்கஸ் அபௌட்' என்ற தொடரை எடுத்துக்கொள்வோம். தரமான ஆங்கிலத்தில் 'டிஸ்கஸ்' நேராகச் செயப்படுபொருளை எடுக்கும், 'அபௌட்' வராது. 'வீ டிஸ்கஸ்ட் தி ப்ரைஸ்' என்பதோடு முடிந்தது. ஆனால் திரட்டில் தேடினால் பிரிட்டிஷ் பக்கங்களிலும் 'டிஸ்கஸ் அபௌட்' சில இடங்களில் வரும். ஒவ்வொன்றையும் திறந்து படித்தால், சிலவற்றில் அந்த 'அபௌட்' சுமார் என்ற பொருளில் நிற்பது தெரியும், சுமார் இருபது விஷயங்களை விவாதித்தார்கள் என்பதைப் போல. இன்னும் சில, ஆங்கிலம் கற்றுக்கொண்டிருப்பவர்கள் பிரிட்டிஷ் தளங்களில் எழுதியவையாக இருக்கும். எண்ணிக்கை சொல்லாததை வாக்கியம் சொல்லும். குறைந்தது பத்து வாக்கியங்களையாவது திறந்து படிக்காமல் நான் எந்தத் தொடரைப் பற்றியும் முடிவு சொல்வதில்லை.

இதே 'டிஸ்கஸ் அபௌட்' பிழைக்கு நம்முடைய 'பற்றி'தான் காரணம் என்று வகுப்பில் சொல்வார்கள். 'விலையைப் பற்றி விவாதித்தோம்' என்பதை அப்படியே பெயர்க்கிறோம் என்ற விளக்கம் கொஞ்சம் உண்மை. ஆனால் தமிழோடு தொடர்பே இல்லாத பல நாட்டினரும் இதே பிழையைச் செய்கிறார்கள். ஆங்கிலமே 'டாக் அபௌட்' என்கிறது, பெயர்ச்சொல் வடிவத்தில் 'டிஸ்கஷன் அபௌட்' என்றும் சொல்கிறது. அந்த இரண்டையும் கற்றவர் மூன்றாவதையும் தாமே கட்டிக்கொள்வது இயல்பு. 'கோப் அப் வித்' என்பதும் அப்படி வந்ததுதான். 'கீப் அப் வித்', 'புட் அப் வித்' இரண்டும் இருக்கின்றன, அவற்றைப் பார்த்து 'கோப்'புக்கும் ஓர் 'அப்' ஒட்டிக்கொண்டது. தரமான வழக்கு 'கோப் வித்' மட்டுமே. இதில் இருவேறு கருத்து இல்லை.

கூகுள் தேடலைப் பலர் நம்புகிறார்கள். தொடரை மேற்கோள்குறிக்குள் இட்டுத் தேடுவது நல்ல பழக்கம்தான். முடிவுகளின் எண்ணிக்கையை மட்டும் சான்றாக எடுக்காதீர்கள். அது ஒரு மதிப்பீடு, கடைசிப் பக்கம் வரை போனால் அதில் சிறு பங்குகூடக் கண்ணில் படாது. எத்தனை பேர் எழுதினார்கள் என்பதைவிட யார் எழுதினார்கள் என்பதே முக்கியம். லண்டனிலிருந்து வரும் ஒரு நாளிதழின் தளத்துக்குள் மட்டும் தேடுங்கள், பிறகு டெல்லியிலிருந்து வரும் நாளிதழின் தளத்துக்குள் தேடுங்கள். வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

கூகுளின் என்கிராம் என்ற கருவி, ஸ்கேன் செய்த புத்தகங்களில் ஒரு தொடர் ஆண்டுதோறும் எவ்வளவு வந்தது என்று கோடு போட்டுக் காட்டும். பிரிட்டிஷ், அமெரிக்கப் புத்தகங்களைத் தனித்தனியே பார்க்கலாம். ஒரு வழக்கு பழையதா என்று அறிய அருமையான கருவி. ஐந்து சொற்களுக்கு மேல் ஏற்காது, குறைந்தது 40 புத்தகங்களில் வராத தொடரைக் காட்டாது. அதனால் கோடு வரவில்லை என்றால் அந்தத் தொடரே இல்லை என்று முடிவுகட்ட முடியாது. அதில் இருப்பவை புத்தகங்கள் என்பதையும் மறக்கக் கூடாது. அலுவலக மெயில் மொழி அதில் சரியாகத் தெரியாது.

இலக்கணம் திருத்தும் மென்பொருளும் செயற்கை நுண்ணறிவு உரையாடிகளும் இப்போது எல்லோர் கையிலும் இருக்கின்றன. பயன்படுத்துங்கள். அவை எங்கே உதவும், எங்கே உதவாது என்பதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள். ஒருமை பன்மை, காலம், எழுத்துப்பிழை போன்றவற்றில் அவை கெட்டி. 'பை ஃப்ரைடே அட் தி எர்லியஸ்ட்' போன்ற வாக்கியத்தில் இலக்கணம் பழுதில்லாமல் இருக்கிறது. உங்கள் மனத்தில் இருந்தது எதுவென்று தெரியாத கருவிக்கு அது நல்ல வாக்கியமாகவே படலாம். உரையாடியிடம் 'இது சரியா' என்று கேட்பதைவிட, 'இதைப் படிக்கும் பிரிட்டிஷ்காரர் என்ன புரிந்துகொள்வார்' என்று கேட்டால் பயனுள்ள பதில் வரும். அது தரும் விளக்கத்தையும் அகராதியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தவறான விளக்கத்தையும் அதே உறுதியான குரலில்தான் அது சொல்லும்.

உங்கள் மேலாளர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். இந்திய ஆங்கிலம் என்பது பிழைகளின் குவியல் அல்ல. அதற்குத் தனி வழக்கும் வரலாறும் உண்டு. இதைப் பற்றி 1990இல் பிரிட்டிஷ் அறிஞர் ராண்டால்ஃப் குவெர்க், எல்லா நாட்டு மாணவர்களுக்கும் ஒரே தரநிலையைத்தான் கற்பிக்க வேண்டும் என்று எழுத, காஷ்மீரில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மொழியியல் அறிஞர் பிரஜ் கச்ரு, அந்தந்த நாட்டு ஆங்கிலத்துக்கும் மதிப்பு உண்டு என்று 1991இல் மறுத்தார். அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. நான் பெருமளவு கச்ரு பக்கம். 'ப்ரீபோன்' என்ற சொல்லை எத்தனை பேர் கேலி செய்தார்கள்! கூட்டத்தை முன்தேதிக்கு மாற்றுவதைக் குறிக்க அதைவிடக் கச்சிதமான சொல் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இல்லை, இன்று ஆக்ஸ்போர்டு மாணவர் அகராதியில் இந்தியக் குறிப்போடு அது இடம்பெற்றிருக்கிறது. 'பாஸ்ட் அவுட்' என்பதும் ஆதாரமில்லாதது அல்ல. ராணுவப் பயிற்சி முடிப்பதற்கு பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அதுதான் சொல், பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் நடப்பதும் 'பாஸிங் அவுட் பரேட்'தான். ஆனால் கல்லூரிப் படிப்பை முடித்ததற்கு அதை எழுதினால் வெளிநாட்டவர் மயங்கி விழுந்ததாகப் படிப்பார். கச்ரு பக்கம் நிற்கும் நான், பையருக்கு எழுதும்போது பையரின் வழக்கில் எழுதச் சொல்வது இதனால்தான். உங்கள் மெயில் அவருக்குப் புரிந்து, அவர் செய்ய வேண்டியதைச் செய்தால்தான் வேலை நடக்கும்.

அதனால் உங்கள் வங்கிக்கோ, தூத்துக்குடி துறைமுகத்தில் இருக்கும் கிளியரிங் ஏஜெண்டுக்கோ, அரசு அலுவலகத்துக்கோ எழுதும் கடிதங்களில் 'டூ தி நீட்ஃபுல்' அப்படியே இருக்கட்டும். அங்கே அது பழகிய, மரியாதையான தொடர். வங்கித் தேர்வோ அரசுத் தேர்வோ எழுதினால், 'ரிவர்ட் பேக்', 'டிஸ்கஸ் அபௌட்', 'கோப் அப் வித்' மூன்றையும் பிழை என்றே குறியுங்கள். தேர்வு தன் விதிப்புத்தகத்தின்படி மதிப்பெண் போடும், திரட்டில் என்ன இருக்கிறது என்பது அங்கே செல்லாது.

பையருக்கு எழுதிய மெயிலை நான் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பேன்: 'ஐ ஹேவ் அட்டாச்ட் தி ரிவைஸ்டு சைஸ் சார்ட். குட் யூ ப்ளீஸ் செக் தி செஸ்ட் அண்ட் ஸ்லீவ் மெஷர்மெண்ட்ஸ் அண்ட் சென்ட் அஸ் யுவர் அப்ரூவல் பை தர்ஸ்டே? வீ பிளான் டு ஸ்டார்ட் கட்டிங் ஆன் ஃப்ரைடே.' எந்த அளவுகளைப் பார்க்க வேண்டும், என்ன அனுப்ப வேண்டும், எந்த நாளுக்குள், ஏன் அந்த நாள் என்ற நான்கும் அதில் இருக்கின்றன. கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள், கட்டிங் எப்போது தொடங்குகிறது என்று தெரிந்த பையர் வியாழக்கிழமையைத் தள்ளிப்போட யோசிப்பார். மார்பளவு, கையளவு என்று நான் ஊகமாக எழுதியதை உங்கள் ஆர்டரில் உண்மையில் மாறிய அளவுகளாக மாற்றிக்கொள்ளுங்கள். அவர் கேட்ட ஒற்றை வரிக் கேள்விக்கும் இதையே பதிலாக இன்றைக்கே அனுப்பிவிடலாம், முந்தைய மெயிலுக்காக மன்னிப்புக் கேட்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.